தொட்டும் திரும்பாத ஸ்க்ரூ

திருவான்மியூரில் கடல் பக்கம் வீடு. மிக்ஸியின் அடிமூடியைக் கழற்ற, 240 கிராம் மல்ட்டி-டூலோடு (பிளையர், கத்தரி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் கருவி) மூன்று நாள் மல்லுக்கட்டினேன். உப்புக்காற்றில் துரு பிடித்திருக்கும் என்று எண்ணெய் விட்டேன். முனை தேய்ந்ததோ என்று அரம் போட்டேன். வழுக்கியதுதான் மிச்சம்.

டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஸ்க்ரூ ஆழமான குழிக்குள் இருக்கிறது. டூலின் மடக்கு ஸ்க்ரூடிரைவரின் அகன்ற தோள்பட்டை குழி வாயிலேயே இடித்து நிற்கிறது. முனை நுனியளவுதான் தொடுகிறது. நீளமான, ஒல்லியான ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போட்டதும் அரை நிமிஷ வேலை. அப்பாடா!

அப்புறம் ஒரு வாரம், எதற்கெல்லாம் டூலைத் தேடுகிறேன் என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் குறித்தேன். கத்தரி ஒன்பது தடவை, பிளையர் ஒரே தடவை. இப்போது சாவிக்கொத்தில் கத்தரி உள்ள குட்டி மடக்குக்கத்தி, 58 மி.மீ. விக்டோரினாக்ஸ் கிளாசிக்; பெரிய டூல் பரணில்.