பழைய புல்லட்டில் ‘டிக் டிக்’ சத்தமும் இழுவைக் குறைவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350-ஐ முதல்முறையாக வாங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே சொல்லும் புகார் இரண்டு: எஞ்சினில் ‘டிக் டிக்’ சத்தம், மேட்டில் இழுவை இல்லை. பிளக் கறுத்திருப்பது, ஏர் ஃபில்டர் அடைத்திருப்பது எல்லாம் யார் கண்ணிலும் பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுவோம். வண்டியைக் கெடுப்பவை வேறு.

சூடான எஞ்சினில் டேப்பெட்டை இறுக்குவது

நல்ல ஹெட்டுகள் (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பகுதி) பாழாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இன்றும் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஒரு ராத்திரி பொறுமை இருந்தால் நடக்கவே நடக்காது.

டேப்பெட் என்பது, வால்வைத் திறக்கும் புஷ்ராடு என்ற கம்பியைக் கீழிருந்து தள்ளும் பாகம். ஓடி வந்த வண்டியை நிறுத்தி, டேப்பெட் கவரைக் கழற்றி, சத்தம் அடங்கும் வரை திருகுகிறார்கள். எஞ்சின் அமைதியாகிவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் கீழே போகும், கார்புரேட்டர் ‘டப்’பென்று துப்பும்.

காரணம் எளிது. சூட்டில் பேரலும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) ஹெட்டும் விரிந்து உயர்கின்றன. புஷ்ராடுகள் அந்த அளவுக்கு நீள்வதில்லை. அதனால் இந்த எஞ்சினில் சூடானதும் டேப்பெட் இடைவெளி கொஞ்சம் கூடும், மெல்லிய டிக் டிக் கேட்கும். அது நோய் அல்ல. அந்தச் சூட்டில் இடைவெளியைப் பூஜ்யமாக்கினால், ஆறியபின் புஷ்ராடு வால்வை நெட்டித் தள்ளிக்கொண்டே நிற்கும்.

புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் (மூடும்போது வால்வு பதியும் வளையம்) உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. மயிரிழை திறந்திருந்தாலும் சூடு இறங்காது, எரியும் வாயு அந்த இடுக்கு வழியாகப் பீறிடும். சில வாரங்களில் வால்வு விளிம்பில் நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளம் விழும். கம்ப்ரஷனும் இழுவையும் போய்விடும். பிறகு ஹெட்டை இறக்கி, புது வால்வு போட்டு, சீட் வெட்டி, கிரைண்டிங் செய்ய வேண்டும். டிக் டிக் சத்தத்தால் செலவே வந்திருக்காது. இறுக்கியதால் வந்தது.

சரியான முறை: எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றுங்கள். பிளக் துளையில் வைத்த விரலைக் காற்று தள்ளினால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் நிறுத்துங்கள். சக்கரத்தை இம்மியளவு முன்னும் பின்னும் ஆட்டும்போது புஷ்ராடு ஏதாவது ஏறி இறங்கினால், வால்வுகள் இரண்டும் திறந்திருக்கும் தவறான உச்சியில் இருக்கிறீர்கள். இன்னும் ஒரு முழுச் சுற்று எஞ்சின் திரும்ப வேண்டும்.

இந்த எஞ்சினுக்கு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வேண்டாம். புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்தால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. செட்டிங்கைப் பூட்டும் லாக் நட்டை இறுக்கும்போது செட்டிங் நகரும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி சுழற்றிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் சந்தேகம் வந்தால் சற்றுத் தளர்வாகவே விடுங்கள்.

கொஞ்ச நாளில் இடைவெளி தானாகப் பெரிதானால் டேப்பெட் அடியோ, அதைத் தள்ளும் கேமோ, புஷ்ராடு முனையோ தேய்கிறது. தானாகக் குறைந்துகொண்டே வந்தால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது. இரண்டாவதுதான் அவசரம், ஆனால் சத்தம் குறைவதால் யாரும் கவனிப்பதில்லை.

எல்லா டிக் டிக்கையும் டேப்பெட் என்று நினைப்பது

புகை வெளியேறும் பென்ட் பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் கசிந்தாலும் அச்சு அசல் டேப்பெட் போலவே கேட்கும். ஆக்ஸிலரேட்டர் கொடுத்து இழுக்கும்போது பலமாகும், மூட்டில் கரி படிந்திருக்கும். கிக் அடிப்பதை எளிதாக்கக் கம்ப்ரஷனை வெளியே விடும் டீகம்ப்ரஸரின் ஒயரில் கொஞ்சமும் தளர்வு இல்லாவிட்டால் அந்தச் சின்ன வால்வு முழுதாக மூடாது. சத்தமும் இழுவைக் குறைவும் சேர்ந்தே வரும், ஒயரைத் தளர்த்தினாலே தீர்ந்துவிடும். மேட்டில் மட்டும் கிண்கிண் என்று கேட்டால் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) முன்னால் போயிருக்கிறது.

ஆயிலைக் கெட்டியாக்கிச் சத்தத்தை அமுக்குவது

வேண்டாம்.

காது வைக்காமல் ஹெட்டைக் கழற்றுவது

பிளக்கை மாட்டி, சுவிட்சை அணைத்து, கம்ப்ரஷனில் கிக்கர் மீது மெதுவாக எடையைப் போட்டு நில்லுங்கள். கொஞ்ச நேரம் தாங்கிப் பிறகு மெல்ல இறங்கினால் நல்லது. உடனே இறங்கினால் பக்கத்தில் ஒருவரைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். ‘உஸ்’ சத்தம் கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, எஞ்சின் உள்காற்று வெளியேறும் பிரீதர் குழாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி செய்யுங்கள். தாங்கும் நேரம் கூடினால் ரிங்தான். கூடாவிட்டால் வால்வு.

பாயின்ட்டை மறப்பது

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் இழுவை இல்லையென்றால், திறந்து மூடி ஸ்பார்க்கைக் கிளப்பும் பாயின்ட்டின் கவரைத் திறங்கள். பாயின்ட்டில் கேமோடு உரசும் ஃபைபர் துண்டு தேயத் தேய இடைவெளி சுருங்கும், ஸ்பார்க் தாமதமாகும், எஞ்சின் சூடேறும், வண்டி சோம்பும். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங்கை அதன் பிறகுதான் தொட வேண்டும்: வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முன்தள்ளும் அட்வான்ஸ் யூனிட் முழுக்கப் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு பாயின்ட் திறக்க வேண்டும். வரிசையை மாற்றி டைமிங்கை முதலில் வைத்தால், இடைவெளியைச் சரிசெய்யும்போது வைத்த டைமிங் கலைந்துவிடும்.