வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்: விரலை எடுத்துவிட்டுப் பேசும் முறை

வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் 2013-லேயே வந்துவிட்டது. இன்றைக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கு எல்லோரும் சொல்லித் தருவது அந்தப் பழைய முறையைத்தான்: மைக்கை அழுத்திப் பிடி, பேசு, விரலை எடு. கை லேசாக நடுங்குபவர்களுக்கு இது சரிப்பட்டு வராது. விரல் இடப்பக்கம் நகர்ந்தால் பதிவு அழிந்துவிடும். பிடி தளர்ந்தால் பாதிப் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். அதனால் முதல் நாளே, விரலை எடுத்துவிட்டுப் பேசும் பூட்டு முறையைச் சொல்லிக் கொடுங்கள். பழைய முறை தெரியாமலே போனாலும் நஷ்டமில்லை.

1. மைக் இருக்கிறதா?

அனுப்ப வேண்டியவரின் சாட்டைத் திறந்தால் கீழே வலது மூலையில் மைக் தெரியும். அந்த இடத்தில் அம்புக்குறி இருந்தால், எழுதும் கட்டத்தில் தெரியாமல் ஓர் எழுத்தோ புள்ளியோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதை அழித்தால் மைக் திரும்பிவிடும். "மைக்கையே காணோம்" என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

2. பூட்டுவது

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. மைக்கின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். மேலே ஒரு சிறிய பூட்டு தோன்றும். அது தோன்றிய பிறகு, விரலைத் திரையிலிருந்து எடுக்காமல் நேர் மேலே பூட்டுவரை தேய்த்துக்கொண்டு போங்கள். பூட்டியதும் அனுப்பும் அம்பும் குப்பைத்தொட்டிக் குறியும் திரையில் வந்து நிற்கும். இப்போது விரலை எடுத்துவிடலாம். பதிவு தானாக ஓடும்.

இங்கே மூன்று தவறுகள் நடக்கும். பூட்டு தோன்றும் முன்பே தேய்ப்பது ஒன்று. மேலே போகும்போது விரலைச் சற்றுத் தூக்கிவிடுவது இன்னொன்று. இடப்பக்கம் சாய்வாகத் தேய்ப்பது மூன்றாவது. அது 'ரத்து செய்' என்பதற்கான அசைவு. விரல் நுனியால் குத்தாமல் கட்டைவிரலின் சதைப்பகுதியை வைத்தால் பிடி விடாது. விரல் ரொம்ப வறண்டிருந்தால் திரை தொடுதலை உணராமல் விட்டுவிடும்.

பழகிப் பார்க்க அடுத்தவரின் சாட் வேண்டாம். புது சாட் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும். உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

3. பேசுவது

நேரம் ஓடத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அவசரப்பட்டால் முதல் வார்த்தை வெட்டுப்படும். பெரும்பாலான போன்களில் மைக் துளை கீழ் விளிம்பில், சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதை உள்ளங்கை மூடினால் குரல் அமுங்கிக் கேட்கும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம் போதும். துளையில் தூசி அடைத்திருந்தால் ஊசி விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் மைக் கெட்டுவிடும். மென்மையான, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

நடுவில் யாராவது கூப்பிட்டால் இரண்டு கோடுள்ள சிவப்புக் குறியைத் தொட்டு நிறுத்தலாம். பேசியதைக் கேட்டும் பார்க்கலாம். திருப்தி என்றால் அம்பு, இல்லையென்றால் குப்பைத்தொட்டி.

பதிவே ஆகவில்லையா?

போன் அழைப்பில் இருக்கும்போது பதிவு செய்ய முடியாது. அழைப்பு எதுவும் இல்லாமலும் ஆகவில்லை என்றால் அனுமதியைப் பாருங்கள்: செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், பெர்மிஷன்ஸ், மைக்ரோஃபோன். முதல் நாள் அனுமதி கேட்டபோது பயந்து 'வேண்டாம்' என்று அழுத்தியிருப்பார்கள். இரண்டு முறை மறுத்துவிட்டால் புதிய ஆண்ட்ராய்டு மறுபடி கேட்காது, நாமாகப் போய்த்தான் திறக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல், மேலிருந்து இழுக்கும் பட்டியலில் எல்லா ஆப்களுக்கும் சேர்த்து மைக்கை அடைக்கும் பொத்தான் ஒன்றும் இருக்கலாம். அதையும் பார்த்துவிடுங்கள்.

கேட்டார்களா?

வாய்ஸ் மெசேஜிலேயே ஒரு குட்டி மைக் இருக்கும். அவர்கள் கேட்டதும் அது நீலமாகும். 'படித்ததைக் காட்டாதே' என்று அணைத்து வைத்திருப்பவர்களுக்கும் இது மட்டும் மறையாது.

பலரும் கேட்டதால் சேர்த்தவை

கேட்கும்போது திரை கறுத்து, சத்தம் குறைகிறதா? போனைக் காதருகே கொண்டுபோனதாக நினைத்து, அது அழைப்பு ஸ்பீக்கருக்கு மாறியிருக்கிறது. மேலே உள்ள சென்சாரை விரலோ, சரியாகப் பொருந்தாத டெம்பர்டு கிளாஸோ மறைத்தாலும் இப்படி ஆகும். சத்தமே வரவில்லை என்றால் ப்ளூடூத்தை அணைத்துப் பாருங்கள். பக்கத்து அறை ஸ்பீக்கரில் அது பாடிக்கொண்டிருக்கும்.

பதிவின்போது வட்டத்துக்குள் 1 என்று ஒரு குறி தெரியும். 2023 டிசம்பரில் வந்தது. அதைத் தொட்டுவிட்டால் அந்த மெசேஜை ஒரே முறைதான் கேட்க முடியும். பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டு பாடி அனுப்பும் தாத்தா பாட்டிகளிடம் இந்தக் குறியைத் தொட வேண்டாம் என்று கட்டாயம் சொல்லி வையுங்கள்.

அவர்கள் அனுப்பிய குரலைப் பத்திரப்படுத்துவதும் முக்கியம். புதிய ஆண்ட்ராய்டில் ஃபைல் மேனேஜரைத் திறந்து ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப் (com.whatsapp), வாட்ஸ்அப், மீடியா, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ் என்று உள்ளே போனால் ஆண்டும் வார எண்ணும் சேர்ந்த பெயரில் ஃபோல்டர்கள் இருக்கும். உள்ளே 'பிடிடி' (PTT) என்று தொடங்கும் ஓபஸ் (.opus) ஒலி ஃபைல்கள். பெயரிலேயே தேதி இருக்கும். வேண்டியதை நகலெடுத்து, பேசியவரின் பெயரைச் சேர்த்து, போனுக்கு வெளியே ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றாமல் விட்டால் பின்னால் எது யார் குரல் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.