பேனாக்கத்தி வாங்கும்போது நாம் செய்கிற தவறுகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு மல்டிடூல் பல வருஷமாகக் கிடக்கிறது. குறடு, ரம்பம், அரம், நாலு விதமான ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் அதில் உண்டு. எடை கிட்டத்தட்ட கால் கிலோ. வாங்கிய முதல் வாரம் அதை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். உட்கார்ந்தால் தொடையில் அழுத்தியது, எழுந்தால் பேன்ட்டை ஒரு பக்கமாக இழுத்தது. இரண்டாம் வாரம் அது தோள்பைக்குப் போனது, மூன்றாம் வாரம் இழுப்பறைக்கு. அதற்கப்புறம் வாங்கிய விரல் நீளக் கத்திதான் இன்றுவரை என்னோடு வருகிறது.

நிறையப் பேர் சறுக்குகிற இடம் இதுதான். எத்தனை கருவி இருக்கிறது என்று எண்ணி வாங்குகிறோம்; எதை வெட்டப்போகிறோம் என்று யோசிப்பதில்லை. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். கத்தியையோ கத்தரிக்கோலையோ தேடுகிற ஒவ்வொரு தடவையும் போனில் ஒரு வரி குறித்து வையுங்கள். என் குறிப்பில் இருந்தவை இவை: கூரியர் பெட்டியின் டேப் நாலு தடவை, அரிசி மூட்டையின் தையல் நூல், பார்சல் சாம்பாரின் முடிச்சு, எலுமிச்சம்பழம், கொய்யா, சட்டையில் தொங்கிய பிசிறு, மாத்திரை அட்டை, பையன் பொம்மையின் பேட்டரி மூடியில் இருந்த ஸ்டார் ஸ்க்ரூ. ஒரு வாரத்தில் குறடு தேவைப்பட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் வீட்டில் இருக்கும்போது. ரம்பம் தேவைப்படவே இல்லை. 6, 7 சென்டிமீட்டர் அலகு (கத்தியின் வெட்டும் தகடு), ஒரு நல்ல கத்தரிக்கோல், ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். என் தேவை அவ்வளவுதான்.

இந்தக் கணக்குத் தெரியாமல் வாங்கினால், ஒரே கம்பெனியின் ஒரே அளவுக் கத்தியிலும் தவறானதை எடுத்துவிடுவோம். சுவிட்சர்லாந்தின் கத்திக் கம்பெனி விக்டோரினாக்ஸில் ஸ்பார்ட்டன், டிங்கர் என்று இரண்டு மாடல் இருக்கின்றன. மடக்கினால் இரண்டும் 91 மில்லிமீட்டர் நீளம், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஸ்பார்ட்டனின் முதுகில் ஒயின் பாட்டில் தக்கையைத் திருகி எடுக்கும் சுருள் கம்பி. டிங்கரில் அதே இடத்தில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். நம் வீடுகளில் எது தினமும் வேலை செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கடையில் கைக்கு முதலில் வருவதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்தச் சுருள் கம்பி இறுகிய முடிச்சை அவிழ்க்க நன்றாக உதவும், அது வேறு விஷயம்.

பாக்கெட்டே இல்லாத உடுப்பு அணிகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, எடைக் கணக்கு இன்னும் முக்கியம். விக்டோரினாக்ஸின் 58 மில்லிமீட்டர் கிளாசிக் மாடல் 20 கிராம் சொச்சம்தான், சாவிக்கொத்தில் தொங்கும். என் அக்கா பத்து வருஷத்துக்கு மேல் அதை வைத்திருக்கிறாள். அதிலிருக்கும் குட்டிக் கத்தரிக்கோல் வெட்டிய நூலும் பிளாஸ்டிக் கவரும் என் பெரிய மல்டிடூல் செய்த மொத்த வேலையைவிட அதிகம்.

அப்படியானால் மல்டிடூல் வேண்டாமா? குறடு தினமும் தேவைப்படுகிறவருக்குக் கட்டாயம் வேண்டும். அது பிறந்ததே குறடு இல்லாத குறையில்தான். டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975-இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா, மேற்காசியா என்று சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது, தங்கிய விடுதிகளில் குழாய் ஒழுகியது. பாக்கெட்டில் கத்தி இருந்தது, குறடு இல்லை. ஊர் திரும்பிப் பல வருஷம் உழைத்து 1983-இல் முதல் மல்டிடூலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பைக் மெக்கானிக், ஏசி ரிப்பேர் செய்பவர், கேமரா தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர் என்றால் அந்தக் கால் கிலோவுக்கு அர்த்தம் இருக்கிறது. மற்றவர்கள் அதை பைக் சீட்டுக்கு அடியில் வைத்தால் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மல்டிடூல் குறட்டின் கைப்பிடி வெறும் இரும்பு. எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கட்டிங் பிளேயரில் இருக்கிற ரப்பர் உறை இதில் கிடையாது. 230 வோல்ட் ஓடுகிற ஒயரை இதால் தொட்டால் மின்சாரம் நேராகக் கைக்கு வரும். சுவிட்ச் போர்டைத் திறக்குமுன் மெயினை அணைத்துவிடுங்கள், டெஸ்டர் வைத்துப் பாருங்கள். 'சின்ன வேலைதானே' என்று யாரும் இதில் அவசரப்படக் கூடாது.

அடுத்த தவறு, பூட்டைப் பற்றித் தெரியாமல் இருப்பது. சாதாரணப் பேனாக்கத்தியில் பூட்டே இல்லை. முதுகில் இருக்கும் ஸ்பிரிங் அலகை இழுத்துப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கீழ்நோக்கி அறுக்கும்போது ஒன்றும் ஆகாது. நுனியால் குத்தினால் அலகு மடங்கி நம் விரல் மேலேயே வரும். நான் ஒரு பழைய பெயின்ட் வாளியைப் பூந்தொட்டியாக்க நினைத்து, அடியில் ஓட்டை போடக் கத்தி நுனியை வைத்து அழுத்தினேன். பிளாஸ்டிக் வழுக்கியது, 'டக்' என்று ஒரு சத்தம். ஆள்காட்டி விரலில் மூன்று தையல். அந்த வேலைக்குத்தான் கத்தியின் முதுகில் துளையூசி என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைக் கூட மெதுவாக, திருகித் திருகித்தான் இறக்க வேண்டும்.

பூட்டு உள்ள கத்தியிலும் கவனம் தேவை. லைனர் லாக் என்கிற வகையில் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு அலகின் அடியில் போய் நிற்கும். மடக்குவதற்கு அந்தத் தகட்டைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். அப்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே இருக்கிறது. வாங்கியவுடன் நாலைந்து தடவை மெதுவாக மடக்கிப் பழகுங்கள். மலிவான கத்திகளில் அந்தத் தகடு பாதி தூரம்தான் வந்து நிற்கும். அதை நம்பவே கூடாது. பிரான்ஸின் ஓபினெல் கத்தியில் 1955-இலிருந்து ஒரு வளையம் இருக்கிறது, திருப்பினால் பூட்டிக்கொள்ளும். எனக்குத் தெரிந்து புதிதாகப் பழகுகிறவருக்கு அதைவிட எளிமையான பூட்டு இல்லை. மழைக்காலத்தில் அதன் மரப்பிடி ஊறி அலகு வெளியே வர மறுக்கும். பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும்.

எஃகு விஷயத்தில் விலையைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். விக்டோரினாக்ஸ் அலகின் கடினம் ராக்வெல் சி அளவில் 56 சுமார். விலை கூடிய கத்திகள் 60, 62 வரை போகும். கடினம் கூடினால் கூர் அதிக நாள் நிற்கும், உண்மை. ஆனால் மழுங்கிய பிறகு சாதாரணக் கல்லில் தீட்ட நேரம் பிடிக்கும், பல சமயம் வைரத்தூள் பூசிய தகடு தேட வேண்டிவரும். மிருதுவான எஃகோ சீக்கிரம் மழுங்கும், ஐந்து நிமிஷத்தில் மறுபடி கூராகும். தீட்டத் தெரியாதவர் 62 கடினத்தில் கத்தி வாங்குவது வீண் செலவு.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு 'டமாஸ்கஸ் எஃகு' என்று அலைஅலையாகக் கோடு போட்ட கத்தி விற்கிறார்கள். பல கத்திகளில் அந்தக் கோடு மேலே அச்சடித்ததுதான், தேய்த்தால் போய்விடும். பெயர்பெற்ற அந்தக் காலத்து டமாஸ்கஸ் வாள்களுக்கு எஃகு போனது நம் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் மூசையில் (உலோகம் உருக்கும் மண்குடுவை) உருக்கு செய்த தடயங்கள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு தகரம் விற்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தாலும் அது துருப்பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊரில், வியர்வை படிந்த பாக்கெட்டில் இரண்டு கோடைக்காலம் இருந்தால் மடிப்பு மூட்டில் பழுப்புப் புள்ளி வந்துவிடும். பழம் அறுத்தால் கழுவித் துடைத்து, திறந்து வைத்துக் காயவிடுங்கள். மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாகி தூசியைப் பிடித்து வைக்கும். பலாப்பழம் அறுக்கும்போது அலகில் தடவுவதோடு அதன் வேலை முடிந்தது.

அப்புறம் சாணை. தெருவில் சைக்கிள் சக்கரத்தை மிதித்துச் சாணை பிடிக்கிறவரிடம் அரிவாளைக் கொடுங்கள், அரிவாள்மனையைக் கொடுங்கள், அருமையாகச் செய்து தருவார். பேனாக்கத்தியைக் கொடுக்காதீர்கள். அதன் அலகு ரொம்ப மெல்லியது. உலர்ந்த கல்லில் பொறி பறக்க ஓட்டினால் நுனி சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். இனி அங்கே கூர் நிற்காது. ஒரு தடவையில் அலகின் அகலமும் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்துவிடும். ஹார்ட்வேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக ஒரு கல் கிடைக்கும். தண்ணீர் விட்டு, அலகைக் கல்லில் 15 முதல் 20 டிகிரி சாய்த்து, இரண்டு பக்கமும் சம தடவை இழுங்கள். கோணம் பிடிபடவில்லை என்றால் கத்தியைச் செங்குத்தாக நிறுத்திப் பாதியாகச் சாயுங்கள், அதிலும் பாதி. அதைவிடக் கொஞ்சம் கீழே. கல் இல்லாத அவசரத்துக்கு, பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத ஒரு வளையம் தெரியும். அதில் நாலு இழுப்பு இழுத்தால் தினசரித் தாளைக் கிழிக்காமல் அறுக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தற்காப்புக்கு என்று கத்தி வாங்குவது. தயவுசெய்து வேண்டாம். கைகலப்பில் எடுத்த கத்தி எடுத்தவரையே கிழிக்கும், மீதியை வழக்கு பார்த்துக்கொள்ளும். ஆயுத விதிகள் 2016-இன்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. பேனாக்கத்தி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. அதற்காக எங்கேயும் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள். டெல்லியில் பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்தி போன்றவற்றுக்கு 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம் என்று தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது, கார்கோவில் போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். நீதிமன்றம், மெட்ரோ, அரசியல் கூட்டம் போகிற நாளில் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குப் பரிசு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் வெளியே கொண்டுபோகலாம். பூட்டுள்ள கத்தி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தால் குற்றம். லண்டன் தம்பிக்கு ஆசையாக லைனர் லாக் வாங்கி அனுப்பிவிடாதீர்கள்.

கடையில் கையில் வாங்கியதும் அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. அலகின் அடியில் கம்பெனி பெயர் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும்; எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் போலி என்று சந்தேகப்படலாம். நகக்குழியில் நகம் வைத்து இழுத்தால் நகம் உடையாமல் வர வேண்டும். குறடு இருந்தால் மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள், நுனி இரண்டும் சேர வேண்டும். கத்தரிக்கோலுக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவர் போதும். நுனிவரை மடங்காமல் வெட்டினால் பணத்தைக் கொடுங்கள்.