சொண்டு கோணிய கோழிக்குத் தீன் வைக்கும் முறை

பொரித்த நாளில் பழுதில்லாமல் தெரிந்த குஞ்சின் சொண்டு, சில வாரங்களில் மேலும் கீழும் பொருந்தாமல், கத்தரிக்கோலின் அலகுகளைப் போல ஒன்றையொன்று குறுக்கே கடந்து வளர்வதுண்டு. இது பெரும்பாலும் பரம்பரைக் குறையே. அடைப்பொறியின் வெப்பம் பிசகினாலும், தீனில் பயோட்டின் போன்ற விற்றமின்கள் குறைந்தாலும் ஏற்படலாம். வளர வளரக் கோணல் கூடுமே தவிரத் தானாக நிமிராது. ஆயினும் தீன் வைக்கும் விதத்தை மாற்றிக்கொண்டால் அத்தகைய கோழி நன்றாக வாழ்ந்து முட்டையும் இடும்.

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவில் நின்ற ஒரு பேடு, கொத்தியெடுத்த குறுணல் நாக்கை எட்டுமுன் சொண்டின் பக்கமாக வழுகி விழ, அதையே மறுபடி கொத்திக்கொண்டிருந்ததால், நாள் முழுவதும் தின்பதாகவே எங்களுக்குத் தோன்றியது. தூக்கிப் பார்த்தபோதுதான் நெஞ்செலும்பு கத்திபோலக் கையில் குத்தியது. ஆகவே, கோழி அடைந்த பிறகு, கழுத்தின் அடியில் சற்று வலப்புறமாக இருக்கும் தீன்பையைத் தடவிப் பாருங்கள். மாலையில் அது நிறைந்தும் விடியற்காலையில் வெறுமையாகவும் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைப்பது இன்னும் நல்லது.

தட்டையான தட்டு இக்கோழிக்கு உதவாது. கீழ்ச்சொண்டால் அள்ளி விழுங்கக்கூடியவாறு, ஆழமான கிண்ணத்தையோ பெரிய சிரட்டையையோ அதன் முதுகு உயரத்துக்குக் கல்லடுக்கி அசையாமல் வையுங்கள். வயதுக்கேற்ற மாஷ் எனப்படும் அரைத்த தீனை வெந்நீரில் ஊறவைத்து, கஞ்சியாக ஓடாமலும் உருண்டையாகக் கட்டிக்கொள்ளாமலும் களிப்பதத்தில் கொடுக்க வேண்டும். தம்பலகாமத்துத் தவிடு மலிவாகக் கிடைக்கிறதென்று அதையே முழுத் தீனாக்கிவிடாதீர்கள். இடைக்கிடை அவித்த முட்டையை மசித்துச் சேர்க்கலாம். பச்சை வெள்ளைக்கரு பயோட்டினை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் அது கூடாது. கச்சான் என்னும் வெப்பக்காற்று வீசும் மாதங்களில் ஈரத்தீன் விரைவில் புளித்துவிடும். சிறிது சிறிதாகக் குழைத்து, மிஞ்சியதை அகற்றிக் கிண்ணத்தைக் கழுவுங்கள். மற்றக் கோழிகள் விரட்டாதபடி ஒரு கூடையால் மூடித் தனியே தின்னவிடுவது அவசியம். தண்ணீர்ப் பாத்திரமும் ஆழமாக இருக்கட்டும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

கல்லில் உரசித் தேய முடியாததால் சொண்டின் நுனி நீண்டுகொண்டே போகும். கோழியைத் துவாயில் சுற்றிப் பிடித்து, டோர்ச் வெளிச்சத்தில் உயிர்ப்பகுதி எங்கே முடிகிறதெனப் பார்த்து, அதற்கப்பாலுள்ள நுனியை மட்டும் நகம் தேய்க்கும் அரத்தால் மெல்ல மெல்லத் தேய்க்க வேண்டும். சொண்டுக்குள் இரத்தமும் நரம்பும் ஓடுகின்றன. நேராக்கும் ஆசையில் ஒரேயடியாக வெட்டினால் வலி தாங்காமல் மேலும் பட்டினி கிடக்கும். இரத்தம் கசிந்தால் சோளமா வைத்து அழுத்துங்கள். இறகைக் கோத முடியாத கோழிக்குப் பேன் எளிதில் பற்றும் என்பதால், செட்டைக்கு அடியிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்ச்சொண்டுள்ள கோழி திடீரெனத் தின்ன மறுத்தால் அது வேறு விடயம். நுளம்பு பெருகும் மாரியில் கோழியம்மை வாய்க்குள் மஞ்சள் படலமாக வரக்கூடும். அதைச் சுரண்டாமல் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

கோணற்சொண்டுப் பேட்டின் முட்டைகளைச் சமையலுக்கு எடுக்கலாம், அடைவைக்க வேண்டாம். அதைப் பெற்ற சோடியையும் மறுபடி சேர்க்காதீர்கள்.