நீர் ஜெல்லில் எண்ணெயில் கரையும் வைட்டமின்களைச் சேர்க்கும் முறை

வைட்டமின் ஈ, வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினால் போன்றவை எண்ணெயில் கரைபவை, நீரில் கரையாதவை. அவற்றைத் தோலில் பூசும் நீர் அடிப்படையிலான ஜெல்லில் நேரடியாக ஊற்றிக் கலக்கினால் முதலில் சேர்ந்தது போலத் தோன்றினாலும், நாட்கள் செல்லச் செல்ல மேற்பரப்பில் எண்ணெய்த் துளிகள் மிதக்கத் தொடங்கும். இதனால் ஒரு முறை எடுக்கும் ஜெல்லில் வைட்டமின் மிகுதியாகவும் அடுத்த முறை எடுப்பதில் அறவே இல்லாமலும் போகும். இதைத் தவிர்க்க, எண்ணெயை மிக நுண்ணிய துகள்களாகச் சூழ்ந்து நீரில் தாங்கி நிற்கும் சொலுபிலைசர் ஒன்று தேவை. பாலிசார்பேட் 20, பாலிசார்பேட் 80, பெக்-40 ஹைட்ரஜனேற்றிய ஆமணக்கு எண்ணெய் ஆகியவை இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன.

வைட்டமினின் அளவைக் குறைவாக வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் வைட்டமின் ஈ-யின் ஒரு வடிவமான டோக்கோபெரில் அசிட்டேட் போன்ற கெட்டியான எண்ணெய்க்கு அதன் எடையைப் போலப் பல மடங்கு சொலுபிலைசர் வேண்டியிருக்கும். அது மிகுந்தால் ஜெல் தோலில் பிசுபிசுக்கும். 100 கிராம் ஜெல்லுக்கு 0.3 கிராம் டோக்கோபெரில் அசிட்டேட்டும் 3 கிராம் பாலிசார்பேட் 20-உம் எடுத்துத் தொடங்கலாம். கலவை தெளிவாக அமைந்தால், அடுத்த சோதனையில் பாலிசார்பேட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கலங்கல் தோன்றும் எல்லையைக் கண்டறிய வேண்டும். இந்தச் சிறு அளவுகளைக் கரண்டியால் அளக்க இயலாது, 0.01 கிராம் வரை காட்டும் தராசு அவசியம்.

பலர் வழுக்குவது கலக்கும் வரிசையில்தான். வைட்டமினையும் சொலுபிலைசரையும் நீர் ஒரு துளிகூடப் படாத உலர்ந்த குவளையில் முதலில் ஒன்றாக்கி, கோடுகளோ திட்டுகளோ இல்லாமல் ஒரே சீராகும் வரை கலக்க வேண்டும். பின்னரே காய்ச்சி வடித்த நீரைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் நன்கு கலந்த பிறகு அடுத்த துளியை விட வேண்டும். இடையில் கலவை திடீரெனக் கெட்டியாகலாம். அது பழுதன்று, தொடர்ந்து நீர் சேர்க்கும்போது இளகிவிடும். நீரை ஒரேயடியாகக் கொட்டினால் உருவாகும் பால் போன்ற கலங்கல், எவ்வளவு கலக்கினாலும் எளிதில் தெளியாது.

கார்போமர் என்னும் கெட்டிப்படுத்தும் தூளால் செய்த ஜெல்லாக இருந்தால், கார்போமரை நீரில் ஊறவைத்து, இந்த வைட்டமின் கரைசலையும் கிருமிகளைத் தடுக்கும் பதனப்பொருளையும் சேர்த்த பிறகு, கடைசியாக அமிலத்தன்மையைக் குறைக்கும் காரப்பொருள் சேர்த்து pH அளவை 6-க்கு அருகில் கொண்டுவருவது எளிய வழி. கெட்டியான பின் கிளறுவதால் சிக்கும் காற்றுக் குமிழ்கள் இதில் குறையும். உப்புகள் கார்போமரை இளக்கிவிடும் என்பதால் உப்புத்தன்மை மிக்க சாறுகளை அதில் சேர்க்கக் கூடாது. சொலுபிலைசர்கள் பாராபென் போன்ற பதனப்பொருட்களைத் தம்முள் இழுத்துக்கொண்டு அவற்றின் வலிமையைக் குறைக்கக்கூடியவை. எனவே, பழைய செய்முறையில் போதுமானதாக இருந்த பதனம் இப்போதும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. வைட்டமின் ஈ கிருமிகளைத் தடுக்காது. எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிப்பதைத்தான் தாமதப்படுத்தும். அதிலும் அசிட்டேட்டாக மாற்றப்படாத வைட்டமின் ஈ-யான தூய டோக்கோபெரால் மட்டுமே அந்தப் பணியைச் செய்யும். அசிட்டேட் வடிவம் நிலையானதே தவிர, ஜெல்லுக்குள் அந்தக் காப்பைத் தராது.

ரெட்டினாலை வீட்டில் சேர்க்க நான் பரிந்துரைப்பதில்லை. ஒளியும் காற்றும் வெப்பமும் அதை விரைவில் சிதைக்கின்றன. பழைய பாலிசார்பேட்டில் உருவாகும் பெராக்சைடுகளும் அதற்குப் பகை. அளவு மிகுந்தால் தோல் எரிச்சல் உண்டாகும். கருவுற்றிருப்போர் அதைத் தவிர்க்க வேண்டும்.

முடிந்த ஜெல்லை மூன்று சிறு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, ஒன்றை அறையிலும், ஒன்றைக் குளிர்பெட்டியிலும், ஒன்றை ஏறத்தாழ 40 டிகிரி வெப்பத்திலும் சில வாரங்கள் வைத்து, அச்சிட்ட தாளுக்கு முன் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கினாலோ, மேலே வளையம் போல எண்ணெய் படிந்தாலோ, நிறம் மாறினாலோ அந்த விகிதத்தைக் கைவிட்டு, வைட்டமினைக் குறைத்து மீண்டும் செய்ய வேண்டும்.