பாக்டீரியாவின் வாசனையை ஜிசி-எம்எஸ்ஸில் பிடிப்பது எப்படி?

மல்லிகையின் மணத்தில் கொஞ்சம் இண்டோல் இருக்கிறது. மலத்தின் நாற்றத்திலும் அதே இண்டோல்தான், அளவுதான் வேறு. குடல் பாக்டீரியாவான ஈ.கோலை வளர்த்த தட்டைத் திறந்தால் குப்பென்று அடிப்பதும் இதுவே. ஜிசி-எம்எஸ் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காட்டும் கருவி) பழகுவதற்கு இதையே எடுத்துக்கொள்ளலாம். என்ன வர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். நோய் உண்டாக்காத கே-12 வகை போதும்.

1. வளர்ப்பு

ஆறு ஹெட்ஸ்பேஸ் குப்பிகள் (திரவத்துக்கு மேலுள்ள காற்றை ஆராய்வதற்கானவை), 20 மி.லி. கொள்ளளவு. ஒவ்வொன்றிலும் 5 மி.லி. எல்பி (பாக்டீரியா வளரும் ஊட்டத் திரவம்) ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, ஆறையும் ஒன்றாகவே ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யுங்கள். ஆறியதும் மூன்றில் மட்டும் பாக்டீரியா. மற்ற மூன்றும் பிளாங்க், அதாவது ஒப்பிடுவதற்கான வெறும் எல்பி. மூடியை இறுக்கி 37 டிகிரியில் 24 மணி நேரம் விடுங்கள்.

குளுக்கோஸ் சேர்க்காதீர்கள். டிரிப்டோஃபேனை உடைத்துத்தான் ஈ.கோலை இண்டோல் செய்கிறது. உடைக்கும் நொதி, குளுக்கோஸ் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும்.

முதல் தடவை நான் பிளாங்க் வைக்கவில்லை. பைரசீன்களும் பென்சால்டிஹைடும் (இரண்டுமே வாசனைப் பொருள்கள்) வரைபடத்தில் பீக் பீக்காக, முகடு முகடாக வந்ததும் இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் வெறும் எல்பியை ஓட்டினால் அத்தனையும் அப்படியே நிற்கிறது! ஆட்டோகிளேவில் வெந்த மீடியாவின் வாசனை அது.

2. பிடிப்பு

எஸ்பிஎம்இ ஊசி வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பாவ்லிஷின் குழு 1990-இல் வெளியிட்ட உத்தி இது. ஊசிக்குள் மெல்லிய ஃபைபர், அதன் பூச்சில் வாசனை ஒட்டிக்கொள்ளும். முதலில் ஃபைபரைத் தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் காயவையுங்கள்.

குப்பியை 40 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, மூடியிலுள்ள செப்டத்தை (ஊசி குத்தும் மென் தக்கை) குத்தி, பிறகு ஃபைபரை வெளியே தள்ளி 30 நிமிடம் விடுங்கள். திரவத்தில் படக்கூடாது. ஃபைபரை உள்ளே இழுத்த பிறகுதான் ஊசியை உருவ வேண்டும். மறந்தால் ஒடிந்துவிடும், விலையும் கொஞ்சநஞ்சமல்ல.

3. ஓட்டம்

ஊசியைக் கருவியின் நுழைவாயான இன்ஜெக்டரில் குத்தி ஃபைபரை வெளியே தள்ளுங்கள்: 250 டிகிரி, 3 நிமிடம். 5% ஃபினைல் பூச்சுள்ள 30 மீட்டர் காலம் (column, பொருள்களைப் பிரிக்கும் மெல்லிய குழாய்), ஹீலியம் நிமிடத்துக்கு 1 மி.லி. அடுப்பு 40 டிகிரியில் 3 நிமிடம் நின்று, நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 250 வரை ஏறட்டும். அயனியாக்கம் 70 எலக்ட்ரான் வோல்ட், ஸ்கேன் நிறை 35 முதல் 350 வரை. பிளாங்குகளை முதலில் ஓட்டுங்கள்.

4. பார்வை

கல்ச்சரில் (பாக்டீரியா வளர்ந்த குப்பியில்) உள்ள, ஆனால் பிளாங்கில் இல்லாத பீக்குகளை மட்டும் பாருங்கள். இண்டோலின் நிறை 117. நிறை நிறமாலையில் (உடைந்த துண்டுகளின் நிறைகளைக் காட்டும் வரைபடம்) உயரமான கோடும் அதுவே. கீழே 90, 89. 117-க்கும் 90-க்கும் இடையில் காணாமல்போன 27, ஒரு ஹைட்ரஜன் சயனைடு மூலக்கூறு. 207, 281, 73, 147 என்று வந்தால் மகிழ வேண்டாம், காலம் குழாயிலிருந்தும் ஃபைபரிலிருந்தும் கழன்ற சிலிக்கோன்.

கருவியின் நிறமாலை நூலகம் 90% பொருத்தம் என்று சொன்னதும் பேப்பரில் எழுதிவிடாதீர்கள். ஆல்கேன் கலவையை அதே முறையில் ஓட்டி ரிடென்ஷன் இண்டெக்ஸ் (ஆல்கேன்களோடு ஒப்பிட்டு, வெளிவரும் நேரத்தைக் குறிக்கும் எண்) கணக்கிடுங்கள். இந்த வகைக் காலம் குழாயில் இண்டோல் 1290-ஐ ஒட்டி, அதாவது 13 கார்பன் ஆல்கேனுக்குச் சற்று முன்னால் வரும். கடையில் வாங்கிய தூய இண்டோலும் அதே நிமிடத்தில் வந்தால் சரி.

இன்னொரு மலிவான சோதனையும் உண்டு. கையுறை போட்டு, 1 மி.லி. கல்ச்சரை வேறு குழாயில் எடுத்து இண்டோலைக் காட்டிக்கொடுக்கும் கோவாக்ஸ் கரைசலைச் சில சொட்டு விடுங்கள். மேலே செர்ரிச் சிவப்பில் வளையம் கட்டும். பிளாங்கில் மஞ்சளாகவே நிற்கும்.

மீதிக் கல்ச்சரை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்துவிட்டுக் கொட்டுங்கள். அதற்கு முன் மூடியைத் திறந்து மோந்து பார்க்க ஆசை வரும். வேண்டாம்.