லே-அப் போடப் பழகுவது எப்படி? ரிங்கின் அடியிலிருந்து தொடங்குங்கள்

பாஸ்கட்பால் கையில் கிடைத்ததும் எல்லாரும் முதலில் செய்வது, தூரத்தில் நின்று ரிங்கைப் பார்த்து ஓங்கி எறிவது. ஆசைக்கு நாலு தடவை எறியலாம், தப்பில்லை. ஆனால் விளையாடக் கற்க வேண்டுமென்றால் லே-அப்பில் தொடங்குங்கள். ஓடிவந்து, இரண்டு அடி வைத்து, எம்பி, பந்தை ரிங்குக்குப் பின்னால் இருக்கும் போர்டில் பட வைத்து ரிங்குக்குள் விழச் செய்வதுதான் அது. நம்ம குமரி மாவட்டத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று வீசும் மாதங்களில், திறந்த மைதானத்தில் தூர ஷாட் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ரிங்கின் அடியில் போடும் பந்தைக் காற்று அவ்வளவாக ஒன்றும் செய்யாது.

உயரம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ரிங் நெட்டைக்கும் குட்டைக்கும் அதே 10 அடியில்தான் இருக்கிறது. பள்ளி அசெம்பிளி வரிசையில் எப்போதும் முன்னால் நின்ற ஆள் நான். எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதே லே-அப்பால்தான்.

பந்து ஆண்களுக்கு 7ஆம் எண், பெண்களுக்கு 6, சின்னப் பிள்ளைகளுக்கு 5. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் சிமென்ட் கோர்ட்டின் ஓரங்களில் பாசி பிடித்திருக்கும். ஓடுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

படி 1: கடைசி அடி

இது வலக்கைக்காரர்களுக்கான கணக்கு. ரிங்குக்கு வலப்பக்கம், சற்றுச் சாய்வாக, கைக்கு எட்டுகிற மாதிரி நெருங்கி நில்லுங்கள். இடது காலை முன்னால் வைத்து, அதே காலால் எம்புங்கள். கூடவே வலது முழங்கால் மேலே வர வேண்டும். வலது முழங்கையையும் முழங்காலையும் ஒரே கயிற்றில் கட்டி இழுப்பது போல இரண்டும் சேர்ந்து எழ வேண்டும். பந்தை எறிய வேண்டாம். போர்டில் வரைந்திருக்கும் கட்டத்தின் வலது மேல் மூலையில் மெல்ல வையுங்கள். மீதியைப் போர்டு பார்த்துக்கொள்ளும்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் கண். எம்பியதும் பார்வை பந்துக்குப் போய்விடும். எங்கள் மாஸ்டர் கோர்ட்டின் அந்தக் கோடியிலிருந்தே கத்துவார்: “மக்கா, பந்து உன் கையிலதான் இருக்கு, ஓடிப் போயிராது. போர்டைப் பாரு!”

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். சலிக்கத்தான் செய்யும்.

படி 2: அதற்கு முந்தைய அடி

ஓரடி பின்னால் வாருங்கள். இப்போது வலது, இடது, எம்பு. வாய்விட்டே சொல்லுங்கள், யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். வலது அடி நீளமாக, இடது அடி குட்டையாக இருந்தால், ஓடிவந்த வேகம் முன்னால் போகாமல் மேலே போகும். பந்தைக் கையில் எடுத்த பிறகு இந்த இரண்டு அடிதான். பந்தை விடாமல் மூன்றாவது அடி வைத்தால் டிராவல் என்ற தவறு, பந்து எதிரணிக்குப் போய்விடும்.

படி 3: டிரிபிள்

கால் தானாக வரத் தொடங்கிய பிறகு ஒரே ஒரு டிரிபிள், அதாவது பந்தை ஒரு தடவை தரையில் தட்டுவதைச் சேருங்கள். அப்புறம் ரிங்குக்கு நேர் எதிரே இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டின் வலது முனையிலிருந்து முக்கால் வேகத்தில் வாருங்கள். முழு வேகம் பிறகு.

படி 4: இடது கை

ரிங்கின் இடப்பக்கம் போய் எல்லாவற்றையும் மாற்றுங்கள்: இடது, வலது, எம்பு, இடது கை. மறுபடி படி 1லிருந்துதான், குறுக்கு வழி கிடையாது. நன்றாக ஆடுகிற ஆள்கூட இங்கே தடுமாறுவார். பந்து ரிங்கில் படாமலே கீழே விழும். சீனியர் அண்ணன்மார் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்பெல்லாம் பந்து தவறினால் என் கண் முதலில் போவது, யார் பார்த்தார்கள் என்றுதான். இடது கையோடு மல்லுக்கட்டி ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு, தவறியதும் கால் நேராக ரீபவுண்டுக்கு, அதாவது பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க, ஓடுகிறது. வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கும் தைரியமும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் வந்தது.

படி 5: எதிரில் ஒரு ஆள்

இரண்டு கையும் பழகியதும், ஒருவரை ரிங்கின் அடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். அவர் பந்தைத் தட்ட வேண்டாம், சும்மா நின்றாலே போதும். உங்கள் முதல் அடி பயத்தில் சுருங்குவது தெரியும். அது பழைய நீளத்துக்கு வந்த பிறகு அவரைத் தட்டச் சொல்லுங்கள்.